டிராக் ரேஸ்: உங்க ஹெல்மெட்டுக்கும் எக்ஸ்பைரி டேட் இருக்கு பாஸ்!

புது கார் அறிமுகமாகும்போது கம்பெனிக்காரங்க எதையெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாங்க? மைலேஜ், பவர், சன்ரூஃப், டச் ஸ்க்ரீன்... 2017 ஏப்ரல்ல அமெரிக்காவின் டாட்ஜ் கம்பெனி வேற ஒரு விஷயத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டது. டிராக் ரேஸ் சங்கம் எங்க காருக்குத் தடை போட்டுடுச்சுன்னு, அதையே விளம்பரம் மாதிரி ஊருக்கெல்லாம் சொன்னாங்க.

அந்த கார், சேலஞ்சர் டீமன். கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, 9.65 நொடியில் தொட்டது. அமெரிக்காவில் டிராக் ரேஸை நடத்துகிற பெரிய அமைப்பு என்.ஹெச்.ஆர்.ஏ. அப்போதைய அவங்க ரூல்படி, 9.99 நொடி அல்லது அதைவிட வேகமா ஓடுகிற காருக்குள் ரோல் கேஜ் இருக்கணும். கார் குட்டிக்கரணம் போட்டாலும் டிரைவர் நசுங்காமல் இருக்க உள்ளே வெல்டிங் பண்ற இரும்புக்கூண்டுதான் ரோல் கேஜ். ஷோரூம்ல இருந்து நேரா வர்ற காரில் அதுக்கு எங்கே போறது? 'ஸாரி, ஓட்ட முடியாது'ன்னு சொல்லிட்டாங்க.

கதை அதோடு முடியலை. இப்போ வர்ற கார்களில் ஏர்பேக், ஏ.பி.எஸ், வலுவான பாடி எல்லாம் கம்பெனியிலேயே வருதுங்கிறதால, 2014 மாடல் முதல் வந்த, எதையும் மாற்றாத ஷோரூம் கார்களுக்கு என்.ஹெச்.ஆர்.ஏ எல்லைக்கோட்டைத் தளர்த்தியது. 9.00 நொடி வரை, மணிக்கு 150 மைல் வரை (சுமார் 241 கி.மீ) ஓட்டிக்கலாம். அப்பாடான்னு மூச்சு விடுறதுக்குள்ள, 2023 மார்ச்சில் டாட்ஜ் டீமன் 170-ஐ இறக்கியது. 8.91 நொடி, 151 மைலுக்கும் கொஞ்சம் மேல வேகம். ரெண்டு எல்லையையும் மயிரிழையில் தாண்டிடுச்சு. மறுபடியும் தடை!

ஆறு வருஷத்துல ரூலும் நகர்ந்தது, காரும் நகர்ந்தது. 'பாதுகாப்பு விதி'ன்னாலே அது இறுகிக்கிட்டே போகும்னு நாம நினைப்போம். அப்படி இல்லை. சில இடத்துல இறுகும், சில இடத்துல தளரும், சில இடத்துல ஒரு எழுத்துகூட மாறாது. ஆனா நீங்க வாங்கி வெச்ச பொருளோட தேதி மட்டும் சத்தமே இல்லாம தீர்ந்துபோயிருக்கும். டிராக் ரேஸ் ஓட்டுறவங்களோட நிஜமான தலைவலி இந்தக் கடைசி விஷயம்தான்.

கடிகாரம் சொல்றதுதான் சட்டம்

மத்த ரேஸ்களில் நீங்க எந்தப் பிரிவில் ஓட்டுறீங்க என்பதை வெச்சு பாதுகாப்புச் சாமான்களை முடிவு பண்ணுவாங்க. டிராக் ரேஸில் அதோடு கடிகாரமும் சேர்ந்துக்கும். உங்க கார் எத்தனை நொடியில் கோட்டைத் தொடுதோ, அதுக்கு ஏத்த மாதிரி பட்டியல் நீளும்.

தோராயமா இப்படிப் போகும்: 13.99 நொடிக்குள் ஓடினா தரச்சான்று பெற்ற ஹெல்மெட் வேணும். 11.49-க்குள் வந்தா பொதுவா ரோல் பார், அதோட ரேஸ் சீட் பெல்ட். 9.99-க்குள் போயிட்டா ரோல் கேஜ், தீ தாங்கும் கோட்டும் பேன்ட்டும், போட்டி லைசென்ஸ். அதோட காரின் சட்டத்தை அதிகாரி ஒருத்தர் வந்து அளந்து பார்த்து ஸ்டிக்கர் ஒட்டணும். அந்த ஸ்டிக்கருக்கு 3 வருஷம்தான் ஆயுசு. 150 மைல் வேகத்தைத் தாண்டினா பின்னாடி பாராசூட்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, பாருங்க. போன சீசன்ல உங்க கார் 11.60 ஓடுச்சு. லீவுல உட்கார்ந்து டர்போ மாத்தினீங்க, டயர் மாத்தினீங்க. முதல் ஓட்டத்துலயே போர்டுல 11.30-ன்னு மின்னுது. நண்பர்கள் எல்லாம் கைதட்டுறாங்க. அந்த நொடியில் இருந்து உங்க கார் சட்டவிரோதம்! ரூல்புக்கில் ஒரு கமாகூட மாறலை, நீங்கதான் அடுத்த படிக்கு ஏறிட்டீங்க. 'அழகா ஓட்டினீங்க, இனிமே ரோல் பார் போட்டுட்டு வாங்க'ன்னு ட்ராக்ல இருந்து அனுப்பிடுவாங்க. இன்ஜினுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, அந்தச் செலவு நம்மை எந்தப் படியில் கொண்டுபோய் நிறுத்தும்னு பார்க்காதவங்க இங்கேதான் மாட்டுவாங்க.

குட்டி டேக், பெரிய சண்டை

எஸ்.எஃப்.ஐ என்ற பெயரை டிராக் ரேஸ் உலகத்தில் தடுக்கி விழுந்தாலும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1978-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. இவங்க ரேஸ் நடத்துறதில்லை, எதையும் தயாரிக்கிறதும் இல்லை. எந்தச் சாமான் எந்த சோதனையைத் தாங்கணும்னு எழுதிவைப்பாங்க. அந்தச் சோதனையைத் தாண்டினதா உறுதி கொடுக்கிற கம்பெனி, தன் பொருளில் எஸ்.எஃப்.ஐ டேக் தைக்கலாம் அல்லது ஒட்டலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். சீட் பெல்ட்டுக்கு 16.1, உடைக்கு 3.2ஏ, கழுத்தைக் காக்கும் கருவிக்கு 38.1, இப்படி. ரூல்புக்கில் 'நல்ல பெல்ட் போடுங்க'ன்னு எழுதியிருக்காது, '16.1 பெல்ட்'ன்னு எழுதியிருக்கும்.

அதிகமா சண்டை நடக்கிறது பெல்ட்டில்தான். 16.1 பெல்ட்டுக்குத் தயாரிச்ச தேதியில் இருந்து 2 வருஷம்தான் ஆயுள். கவனிங்க, நீங்க வாங்கின தேதி இல்லை, தயாரிச்ச தேதி. கடையில் எட்டு மாசம் தொங்கின பெல்ட்டை ஆஃபர்ல வாங்கினீங்கன்னா, எட்டு மாசத்தை அப்படியே தானம் பண்ணியாச்சு.

'வருஷத்துக்கு நாலு தடவை ஓட்டுறேன், பெல்ட் புத்தம் புதுசா இருக்கு, இது கம்பெனிக்காரன் சம்பாதிக்கப் போட்ட ரூல்'னு எரிச்சல்படுறவங்க நிறைய. முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. ஏன்னா, உலக மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ தன்னோட 8853-2016 தரத்துப் பெல்ட்டுகளுக்கு 5 வருஷம் கொடுக்குது. ஒரே மாதிரியான நாடா, ஒரு டேக் 2 வருஷம்னு சொல்லுது, இன்னொரு டேக் 5 வருஷம்னு சொல்லுது. கேட்கிறவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

ஆனா மறுபக்கமும் இருக்கு. பெல்ட் நாடா நைலான் அல்லது பாலியஸ்டர் நூல். வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிர் அந்த நூலைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். மொட்டைமாடிக் கொடிக்கயிறு ரெண்டு கோடைக்குப் பிறகு இழுத்தா பட்டுன்னு அறுந்துபோறதைப் பார்த்திருப்பீங்கள்ல, அதே கதைதான். பேட்டரி ஆசிட், ஆயில், ஓரத்தில் உரசல் எல்லாம் சேர்ந்துக்கும். இதில் எதுவும் வெளியில் தெரியாது என்பதுதான் பிரச்னை. டேக்கைப் பார்க்கிற அதிகாரியால் உங்க பெல்ட்டை லேப்ல வெச்சு இழுத்துப் பார்க்க முடியாது. அவரால் பார்க்க முடிஞ்ச ஒரே விஷயம் தேதி. 2 வருஷமா, 5 வருஷமா என்று வாதாடலாம். தேதியே வேண்டாம்னு என்னால் சொல்ல முடியலை.

ஒரு ஆறுதல்: பல கம்பெனிகள் பழைய பக்கிள்களை வெச்சுக்கிட்டு நாடாவை மட்டும் புதுசா மாத்தி, புது டேக் போட்டுக் கொடுக்கும். முழு செட் வாங்குறதைவிடக் குறைவா முடியும். அதைத் தயாரிச்ச கம்பெனிதான் செய்யணும், தெருமுனை டெய்லர் இல்லை!

தள்ளுபடி ஹெல்மெட் ஜாக்கிரதை

1956-ல் பீட் ஸ்னெல் என்ற ரேஸர், தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் போட்டிருந்த ஹெல்மெட் அவரைக் காப்பாத்தலை. அடுத்த வருஷம் அவர் பெயரில் தொடங்கினதுதான் ஸ்னெல் அறக்கட்டளை. ஹெல்மெட்டுக்கு உள்ளே, துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தா தெரியுற ஸ்டிக்கர் அவங்களோடதுதான்.

ஸ்னெல் தரம் 5 வருஷத்துக்கு ஒருமுறை மாறும். கார் ரேஸுக்கான வரிசை எஸ்.ஏ2010, எஸ்.ஏ2015, எஸ்.ஏ2020, இப்போ எஸ்.ஏ2025. ரேஸ் அமைப்புகள் பொதுவா கடைசி ரெண்டு தலைமுறையை ஏத்துக்கும், மூணாவதை வழியனுப்பிடும். புதுத் தரம் வரும்போது கடைக்காரர்கள் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளுவாங்க. விலை குறைவுதான், ஆனா ஆயுளும் கிட்டத்தட்ட பாதி. பத்து வருஷம் ஓட வேண்டிய ஹெல்மெட் அஞ்சு வருஷத்தில் ஓய்வு வாங்கிடும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வாங்குங்க.

இது வெறும் வருஷ நம்பர் விளையாட்டு இல்லை. 2015 தரத்தில், கழுத்துப் பாதுகாப்புக் கருவியை மாட்டுற திருகு துளைகள் ஹெல்மெட்டிலேயே இருக்கணும்னு வந்தது. அதுக்கு முன்னாடி டிரில் எடுத்து ஓட்டை போட்டுக்கிட்டிருந்தாங்க.

இன்னொண்ணு. ஸ்டிக்கரில் 'எம்'னு ஆரம்பிச்சா அது பைக் ஹெல்மெட், 'எஸ்.ஏ'ன்னா கார் ரேஸ் ஹெல்மெட். எஸ்.ஏ-வுக்குத் தீயில் வாட்டுற சோதனையும், ரோல் கேஜ் கம்பியில் மோதுற மாதிரியான சோதனையும் உண்டு. எம்-முக்கு அது இல்லை. பைக்கில் விழுறவர் தீக்கூண்டுக்குள் மாட்டிக்கிறதில்லையே! ரெண்டில் ஒண்ணு மட்டமில்லை, வேலை வேற, அவ்ளோதான்.

உடையிலும் நம்பர்தான் பேசும். 3.2ஏ/1 என்றால் நேரடித் தீயில் தோல் இரண்டாம் நிலைத் தீக்காயம் அடைய சுமார் 3 நொடி. 3.2ஏ/5 என்றால் 10 நொடி. நைட்ரோமீத்தேன் எரிக்கிற பெரிய வண்டிக்காரர்கள் போடுற 3.2ஏ/20 என்றால் 40 நொடி. 3 நொடிக்கும் 40 நொடிக்கும் நடுவில் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் தேடி, வெளியே வர முடியுமான்னு கண்ணை மூடி ஒருதரம் எண்ணிப் பாருங்க. ஆன்லைனில் பழைய ரேஸ் சூட் வாங்குறவங்க, கலரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இடது தோள்பக்கம் இருக்கிற அந்தக் குட்டி டேக்கோட போட்டோவைக் கேட்டு வாங்குங்க.

இந்த ரூலெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

1970 மார்ச் 8. கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். டான் கார்லிட்ஸ், அந்தக் காலத்து சூப்பர்ஸ்டார். அப்போதைய வண்டிகளில் இன்ஜின் முன்னாடி, டிரைவர் பின்னாடி, கால்களுக்கு நடுவில் கியர்பாக்ஸ். கோட்டை விட்டுக் கிளம்பின நொடியில் கியர்பாக்ஸ் வெடிச்சு வண்டி ரெண்டா உடைஞ்சது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போயிடுச்சு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே, இன்ஜினை டிரைவருக்குப் பின்னாடி வைக்கிற வண்டியை யோசிச்சார். 1971-ல் அந்த வண்டியோட வந்து ஜெயிச்சார். கொஞ்ச வருஷத்திலேயே முன்பக்க இன்ஜின் டிராக்ஸ்டர் காணாமல்போனது. அதை எந்த ரூல்புக்கும் கட்டாயப்படுத்தலை.

2007 மார்ச்சில் எரிக் மெட்லன், 33 வயது. ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் டெஸ்ட் ஓட்டம். டயர் கோளாறால் வண்டி பக்கவாட்டில் பயங்கரமா அதிர்ந்தது. தலை கூண்டில் மாறி மாறி மோதியது. நாலு நாள் கழிச்சு இறந்தார். அவர் ஓட்டிய ஜான் ஃபோர்ஸ் டீம், எரிக்கின் அப்பா ஜான் மெட்லனோடு சேர்ந்து கூண்டை அகலமாக்கி, தலையைச் சுத்தி மெத்தையைத் தடிமனாக்கும் ஆராய்ச்சியில் இறங்கியது. மகன் இறந்த கூண்டை அளந்து, அடுத்தவன் பிள்ளைக்கு இடம் கொஞ்சம் தள்ளிக் கொடுத்திருக்கார் ஒரு அப்பா. ரோல் கேஜ் மெத்தைக்கு ஏன் தனி எஸ்.எஃப்.ஐ நம்பர்னு சலிச்சுக்கிறவங்க இதைத் தெரிஞ்சுக்கலாம்.

அடுத்த வருஷமே, 2008 ஜூன் 21. நியூ ஜெர்சியின் இங்கிலீஷ் டவுன். ஸ்காட் கலிட்டாவின் இன்ஜின் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வெடிச்சது. பாராசூட் வேலை செய்யலை. வண்டி நிக்காம, மணல் குழியைத் தாண்டிப்போய் மோதியது. அவருக்கு வயசு 46. பதினோரு நாள்தான் ஆச்சு. ஜூலை 2-ம் தேதி என்.ஹெச்.ஆர்.ஏ ஒரு அறிவிப்பு வெளியிட்டது. டாப் ஃப்யூயல், ஃபன்னி கார் பிரிவுகளுக்கு இனி கால் மைல் இல்லை, 1,000 அடிதான். அதாவது சுமார் 305 மீட்டர். தற்காலிகம்னுதான் சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் அதுதான் தூரம்! இன்ஜின் வெடிச்சா டிரைவர் கை அசைக்கத் தேவையில்லாம, தானாவே எரிபொருளை நிறுத்தி பாராசூட்டை விரிக்கிற கருவியும் அதுக்குப் பிறகு வந்தது.

டிராக் ரேஸோட அடையாளமே கால் மைல்தான். கிரிக்கெட் பிட்சை 22 கெஜத்தில் இருந்து குறைச்ச மாதிரி. ரசிகர்கள் கொதிச்சாங்க. பழைய ரெக்கார்டுகளை எதோடு ஒப்பிடுறது என்ற கேள்விக்கு இன்னிக்கும் நேர்ப்பதில் கிடையாது. ஆனா அந்த 98 மீட்டர், வண்டி நிக்கிறதுக்குக் கூடுதலா கிடைச்ச இடம். 480 கி.மீ-க்கு மேல பறக்கிற வண்டிக்கு 98 மீட்டர் என்பது ஒரு நொடிகூட இல்லை. அந்த ஒரு நொடிக்காகத்தான் தூரத்தையே வெட்டினாங்க.

சரி, எப்படித்தான் ஃபாலோ பண்றது?

என்.ஹெச்.ஆர்.ஏ வருஷத்துக்கு ஒரு ரூல்புக் போடும். முழுசும் படிச்சா தூக்கம் வரும், நிஜம். பொது விதிகளில் 'டிரைவர்' என்ற 10-வது பகுதியை எடுங்க. பெல்ட், ஹெல்மெட், கழுத்துக் கருவி, உடை எல்லாம் அங்கேதான். போன வருஷத்து அதே பகுதியைப் பக்கத்தில் வெச்சு வரிக்கு வரி பாருங்க, அரைமணி நேர வேலை. பிறகு உங்க பிரிவுக்கான பக்கத்தையும் படிக்கணும். ரெண்டில் ஒண்ணை மட்டும் படிச்சுட்டுப் போறவங்கதான் கேட்டில் நின்னு வாக்குவாதம் பண்ணுவாங்க.

வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தா போதுமா? போதாது. சீசன் நடுவிலேயே திருத்தங்கள் வரும். கலிட்டா விபத்துக்குப் பிறகு பதினோரு நாளில் ரேஸ் தூரமே மாறினதைப் பார்த்தோமே. ஒவ்வொரு ரேஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியும் அவங்க தளத்தில் திருத்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறது நல்ல பழக்கம். 'எந்தத் தேதி முதல்' என்ற வரியை விட்டுடாதீங்க. இன்னிக்கு அறிவிச்சு அடுத்த ஜனவரியில் அமலாகிற ரூலும் உண்டு, உடனே அமலாகிறதும் உண்டு.

வாட்ஸ்அப் குரூப்பில் 'இதெல்லாம் செல்லும் ப்ரோ'ன்னு யாராவது சொன்னா, அவர் எந்த வருஷத்து ரூலை மனசில் வெச்சுச் சொல்றார்னு கேளுங்க. பெரும்பாலும் அவர் ஹெல்மெட் வாங்கின வருஷமாத்தான் இருக்கும்.

போனில் ஒரு ஆல்பம் போடுங்க. ஹெல்மெட் ஸ்டிக்கர், பெல்ட் டேக் (ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியா), உடை, ஷூ, கையுறை, சட்ட ஸ்டிக்கர் எல்லாத்தையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்க. ஒவ்வொண்ணும் காலாவதியாக மூணு மாசம் இருக்கும்போது காலண்டரில் ரிமைண்டர். பெல்ட்டைக் கம்பெனிக்கு அனுப்பி நாடா மாத்தி வாங்க அவ்வளவு நேரம் ஆகலாம். டேக் போலியா இருக்குமோன்னு சந்தேகம் வந்தா, எந்தக் கம்பெனி எந்த நம்பருக்கு அனுமதி வாங்கியிருக்குங்கிற பட்டியலை எஸ்.எஃப்.ஐ தன் தளத்தில் வெச்சிருக்கு. பெயர் இல்லைன்னா வாங்காதீங்க, எவ்வளவு மலிவா இருந்தாலும்.

ட்ராக்கில் டெக் இன்ஸ்பெக்‌ஷன் பண்றவரை எதிரியா பார்க்கிறவங்க உண்டு. ரேஸ் அன்னிக்குக் காலையில் அவருக்கு வரிசையில் நூறு வண்டி. அதுக்கு முந்தின வாரம் போன் பண்ணி, 'இந்த நம்பர் டேக், இந்தத் தேதி, ஓகேவா?'ன்னு கேட்டா ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்துடும்.

இருங்காட்டுக்கோட்டைக்குப் போறீங்களா?

நம்ம ஊருக்கும் இதில் பழைய சொந்தம் இருக்கு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்ததை உங்க தாத்தா, பெரியப்பா யாராவது சொல்லியிருக்கலாம். இப்போ இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் பைக் டிராக் ரேஸ் தேசியப் போட்டிகள் நடக்குது. இங்கே அதிகாரம் எஃப்.எம்.எஸ்.சி.ஐ என்ற தேசியக் கூட்டமைப்புக்கு. லைசென்ஸ் கொடுக்கிறதும் அவங்கதான். அமெரிக்க ரூல்புக்கை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் இங்கே பிரயோஜனம் இல்லை.

அவங்க பொது விதிகளோடு, ஒவ்வொரு போட்டிக்கும் 'சப்ளிமென்டரி ரெகுலேஷன்ஸ்'னு தனியா ஒரு பி.டி.எஃப் வரும். தலைப்பைப் பார்த்தா ஏதோ உபரித் தகவல் மாதிரி தெரியும். அந்தப் போட்டியில் எந்த ஹெல்மெட், எந்த உடைன்னு கடைசியா சொல்றது அதுதான். என்ட்ரி ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க. தினமும் ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போற ஐ.எஸ்.ஐ ஹெல்மெட் ரோட்டுக்கானது. அதையே எடுத்துட்டுப் போகலாமா என்பதற்கும் அந்தப் பி.டி.எஃப்தான் பதில் சொல்லணும். ஈ.சி.ஆர்-ல ராத்திரி பண்றதுக்குப் பேர் டிராக் ரேஸ் இல்லை, அதைப் பத்தி இங்கே பேசவும் இல்லை.

பைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். டிராக் பைக்குகளில் ஹேண்டில்பாரில் இருந்து ஓட்டுறவர் மணிக்கட்டுக்கு ஒரு கயிறு போகும். ஆள் கீழே விழுந்தா கயிறு இழுபட்டு இன்ஜின் ஆஃப் ஆகிடும். பார்க்க ட்ரெட்மில் மெஷினில் இருக்குமே, அந்த சிவப்புக் கயிறு மாதிரிதான். லெதர் சூட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்ணிட்டு, இதை மாட்ட மறந்து ஸ்க்ரூட்டினியில் திரும்பி வர்றவங்க உண்டு. பேக் பண்ணும்போது முதல்ல இதை எடுத்து உள்ளே வைங்க, ஹெல்மெட்டை அப்புறம் வெச்சுக்கலாம்.